சகாப்தத்தின் செவி

– சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராது அங்கிள். உங்க மச்சானுக்குக் காது போயிடுச்சு.

– எங்க போச்சு?

– ஐயோ, விளையாடாதீங்க. போன்ல பேசினேனே, மிக்ஸிங் தியேட்டர் சவுண்ட் என்ஜினீயர்னு, அது நான்தான்.

– அது பார்த்தாலே தெரியுதும்மா. கழுத்துல ஹெட்போன் தொங்குது. டாக்டரா இருந்தா வேற ஏதாவது தொங்கும். இந்தக் காபி மெஷின் போடற கூச்சல்ல பாதி புரியல. இப்படித் திரும்பி, நிதானமா, முதல்லேருந்து சொல்லு.

– முதல்லேருந்துன்னா... உங்க மச்சான் தயாரிக்கிற படம். லாண்டரிக்கு மேல இருக்கிற ரூம்ல ரெண்டு சிநேகிதங்க ஒரு ராப் கம்பெனி ஆரம்பிக்கிறாங்க...

– என் கதையை எனக்கே சொல்றியா? மேல்மாடி ரெக்கார்ட்ஸ். பேரைக் கேட்டதும் ஊரே சிரிச்சுது, ரெண்டு பேருக்கும் மேல்மாடி காலின்னு.

– அந்தப் படத்தோட மிக்ஸ் இன்னிக்கு முடியுது. பேச்சு, பாட்டு, சுத்துப்புறச் சத்தம், எல்லாத்தையும் அளவு பார்த்து ஒண்ணா சேர்க்கிற வேலை. சாயங்காலம் அனுப்பிட்டோம்னா அவ்வளவுதான். அப்புறம் யாரு நெனச்சாலும் மாத்த முடியாது.

– சரி, அனுப்பு.

– அனுப்பற மாதிரியா இருக்கு! ஆரம்பத்துல எல்லாம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் ஒரு நாள் வந்து உட்கார்ந்தார், 'கூர்மை பத்தல, ஏத்து'ன்னார். ஏத்தினேன். மறுநாளும் ஏத்துன்னார். டிரம்ல ரெண்டு பித்தளைத் தட்டு உரசுமே, அந்த மாதிரி மெல்லிசு சத்தம் எல்லாம் இப்ப ஊசி மாதிரி குத்துது. கதாநாயகி 'சரி'ன்னு சொன்னா குக்கர் விசில் அடிக்குது. என் அசிஸ்டென்ட் காதுல பஞ்சு வெச்சுக்கிட்டு வேலை பார்க்கிறான்.

– அதுக்கும் காது போறதுக்கும் என்ன சம்பந்தம்?

– சத்தியமா சொல்றேன் அங்கிள், வயசானா முதல்ல போறது அந்த மெல்லிசு சத்தம்தான். போனதே அவங்களுக்குத் தெரியாது. உலகம் மழுங்கிப் போச்சுன்னு நெனச்சு ஏத்து ஏத்துன்னு கேப்பாங்க.

– இதை அவன்கிட்டயே சொல்ல வேண்டியதுதானே?

– என்கூட இந்த மிக்ஸ்ல இருந்த சீனியர் சொன்னார். இப்ப ஏதோ காட்டுல உட்கார்ந்து பறவைச் சத்தம் பதிவு பண்றார்.

– நல்ல வேலைதானே.

– அவருக்குப் பறவைன்னா பயம்.

– அடப் பாவமே.

– படத்தோட பேரே 'சகாப்தத்தின் செவி'. அந்தச் செவி அவுட்டுன்னு யாரு அங்கிள் சொல்றது? போஸ்டர்ல கூட அவர் காது மட்டும் பெரிசா போட்டிருக்காங்க.

– அந்தப் பேரைக் கேட்டுட்டு அவன் தங்கச்சி, அதாவது என் வீட்டுக்காரி, என்ன சொன்னா தெரியுமா? காதுல விடற சொட்டு மருந்து மாதிரி இருக்குன்னா. நான் ஒண்ணும் சொல்லல.

– நீங்க சொன்னா கேப்பார்னுதான் கூப்பிட்டேன். 'என்னைத் திட்டற உரிமை என் மாப்ளைக்கு மட்டும்தான்'னு அடிக்கடி சொல்வார்.

– திட்டிக்கிட்டுத்தான் இருக்கேன், ஆள் வளர்ந்துக்கிட்டே போறான். அவன் எப்படி சினிமாவுக்கு வந்தான்னு உனக்குத் தெரியுமா?

– கதை சொல்றதுக்கான தாகம்னு பேட்டில படிச்சேன்.

– தாகமா? நாற்காலி! எங்க பாட்டு ஒண்ணை ஒரு படத்துக்குக் கேட்டாங்க. ஷூட்டிங் எப்படித்தான் இருக்கும்னு ரெண்டு பேரும் பார்க்கப் போனோம். அங்க ஒரு மடக்கு நாற்காலி. முதுகுல 'தயாரிப்பாளர்'னு எழுத்து. ஆளைக் காணோம், நாற்காலி மட்டும் வெயில்ல நிக்குது. ஆனா ஒருத்தன் அதுல உட்காரல. லைட் தூக்கறவன் கூட அதைச் சுத்திப் போறான். நம்ம ஆளு அதையே பார்த்துக்கிட்டு நின்னான் பாரு, கட்டின பொண்டாட்டியைக் கூட அவன் அப்படிப் பார்த்தது கிடையாது.

– அதுக்காகவா மேல்மாடி லேபிளை, அந்தப் பாட்டுக் கம்பெனியை, வித்தீங்க?

– பெரிய கம்பெனி வாங்கிக்கிச்சு. அவன் சினிமா ஆபீஸ் திறந்தான். நான் கீழ இருந்த லாண்டரியை எடுத்துக்கிட்டேன். அவன் முதல் படம் பார்த்திருக்கியா?

– இல்ல அங்கிள். தேடினேன், எங்கயும் கிடைக்கல.

– கிடைக்காது. அதுல எல்லா வசனமும் ராப். 'உங்க அப்பா போயிட்டார்'னு டாக்டர் வந்து சொல்றார், அதையும் தாளத்தோட சொல்றார், பின்னாடி ரெண்டு நர்ஸு தலையாட்டறாங்க. இடைவேளைக்கு எழுந்து போனவங்க வீட்டுக்கே போயிட்டாங்க. 'காலத்துக்கு முன்னாடி வந்த படம்'னு பேட்டி கொடுத்தான். தியேட்டர்காரனும் வெள்ளிக்கிழமை போட்டதை ஞாயித்துக்கிழமை தூக்கிட்டான். அதுவும் காலத்துக்கு முன்னாடிதான்.

– அடுத்த படத்துக்கு விருது வந்துச்சே?

– அந்தப் படம் எடுத்தப்ப அவனுக்கு டைபாய்டு. ஒரு நாள் கூட ஷூட்டிங் பக்கம் போகல. அதான் விருது.

– அங்கிள்!

– நான் ஒண்ணும் சொல்லல. அவன் முன்னாடியும் இதைத்தான் சொல்லுவேன், சிரிப்பான். நல்லவம்மா அவன். பேசறதுதான் கல்வெட்டுல வெட்டற மாதிரி பேசுவான். லேபிள்ல பாட வந்த பசங்க பாதிப் பேருக்கு வீடு கிடையாது. எல்லாரும் எங்க மச்சான் வீட்டு ஹால்லதான் தூங்கினாங்க. காலையில பாத்ரூமுக்கு வரிசை நிக்கும், கடைசில வீட்டுக்காரன் நிப்பான்.

– உங்க மேலயும் அவருக்கு உசுரு அங்கிள். படத்துல உங்க பாத்திரத்துக்கே...

– ஒல்லியா, தலை நிறைய முடியோட ஒருத்தன். ட்ரெய்லர்ல பார்த்தேன். அவன் இருக்கான். நான் இல்ல.

– புரியல.

– என்னை வெட்டிட்டான். விடு.

– அவரா? உங்களையா? கேட்டீங்களா?

– கேக்க மாட்டேன். சேர்ந்து சோறு தின்னவன்கிட்ட 'என்னை ஏன்டா விட்டுட்டே'ன்னு கேட்டு ஒரு ஓரத்துல இடம் வாங்கறதா? நமக்கெதுக்கு. மனசு வலிச்சுது, வீட்டுக்காரிகிட்ட புலம்பினேன், முடிஞ்சுது.

– அவ்வளவு வருத்தம் இருந்தும் எதுக்கு அங்கிள் வந்தீங்க?

– வெட்டினாலும் மச்சான்தானே. நாளைக்குப் படம் வந்து, செவின்னு பேர் வெச்சவனுக்குக் காது கேக்கலன்னு ஊர் சிரிச்சா, என் வீட்டுலயும்தான் சோறு இறங்காது. அவன் மூஞ்சிக்கு நேரா அதைச் சொல்ல என்னை விட்டா ஆள் ஏது? கதவைத் திற. உள்ள போலாம்.

*

– யாரது? மாப்ள! வா வா, கதவைச் சாத்து, குளிர் வெளியில போகுது. என்ஜினீயர், ஒதுங்கி வழி விடு. வரலாறு உள்ள வருது.

– வரலாறு மாடிப்படி ஏறினதுல மூச்சு வாங்குது. ஒரு நாற்காலி போடச் சொல்லு.

– இதுல உக்காரு. என் நாற்காலி.

– உன் பேர் எழுதியிருக்கே. சாய்ஞ்சா சட்டையில அச்சு ஏறிடாதே?

– ஏறினா உனக்குப் பெருமை. எப்படி வந்தே? ட்ரெய்லர் பார்த்ததுக்கு அப்புறம் வீட்டுப் பக்கமே காணோம். போன் பண்ணினா தங்கச்சி எடுத்து, 'அவரு துணி காயப்போடறாரு'ங்கிறா. எப்பப் பண்ணினாலும் காயப்போடறே.

– மழைக்காலம். காய நேரமாகுது.

– வெளியில வெயில் பல்லைக் காட்டுது மாப்ள.

– அதை விடு. உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னுதான் வந்தேன்.

– முதல்ல நான் சொல்லிடறேன். போன வாரம் ஒரு காலேஜ்ல பேசக் கூப்பிட்டிருந்தாங்க. என்ஜினீயர், நீயும் கேளு, பதிவு பண்ணிக்கோ. 'என் காதுக்குள்ள ஒரு தலைமுறை தூங்குது'ன்னு ஆரம்பிச்சேன். அரங்கமே எழுந்து நின்னுச்சு.

– சுத்தம் பண்ணியிருந்தா தலைமுறையும் எழுந்து நின்னிருக்கும்.

– பார்த்தியா? இந்த வாய் இருக்கே இந்த வாய்! இப்படி என்னைப் பேச உலகத்துல ஒருத்தனுக்குத்தான் தைரியம்.

– ரெண்டு பேருக்கு. உன் தங்கச்சியை மறந்துட்டே.

– அவ பேசறதில்ல, தீர்ப்பு சொல்றா.

– மச்சான், நிஜமாவே ஒரு விஷயம். எங்க கடையில ஒரு பழைய மெஷின் இருக்கு. நல்ல உழைப்பாளி. வயசாயிடுச்சு. சுத்தறப்போ பெல்ட் கிறீச்சுங்குது. ஆனா மெஷினுக்கே அது தெரியல. வாடிக்கைக்காரங்க சொல்லித்தான்...

– உன் மெஷினை அப்புறம் பார்த்துக்கலாம். ஒரு இடம் போட்டுக் காட்டறேன். அதைக் கேட்டுட்டு நீ என்ன வேணா சொல்லு, கழுவி ஊத்து, நான் வாயே திறக்கல.

– நீயா வாயைத் திறக்க மாட்டே?

– சத்தியமா. என்ஜினீயர், அந்த ரூம் சீன் போடு. அவங்க முதல் பாட்டு பதிவு பண்ற இடம்.

– சார், அதையா? அது ரொம்ப... கூர்மையா இருக்கு சார்.

– அதைத்தான். சவுண்டைக் குறைக்காதே. மாப்ள, நீ நடுவுல வந்து உக்காரு. இந்த இடத்துலதான் எல்லாப் பக்கச் சத்தமும் சமமா வந்து சேரும்.

– போடறேன் சார். அங்கிள், ரெடியா? காதுக்குக் கொஞ்சம்... சரி, போடறேன்.

– போடும்மா. நானும் எத்தனையோ ஸ்பீக்கருக்குப் பக்கத்துல நின்னவன்.

*

– போதும், நிறுத்து. மாப்ள?

– ஒரு நிமிஷம் மச்சான்.

– மாப்ள, ஏதாவது சொல்லேன். ஏன் இப்படி உட்கார்ந்திருக்கே?

– இருக்கு.

– என்னது?

– இருக்குடா மச்சான். என் சத்தம். இருக்கு.

– எந்த இடத்துலேருந்து?

– அந்த ஒல்லிப் பையன் மைக்கு கிட்ட வாயைக் கொண்டு போறானே, அங்கேருந்து.

– நிஜமா? தெளிவா இருக்கா?

– கண்ணாடி மாதிரி.

– கண்ணாடி மாதிரி! கேட்டியா என்ஜினீயர்? கண்ணாடி மாதிரியாம்!

– கேட்டேன் சார். ஆனா எனக்கு ஒண்ணு விளங்கல. உங்க சத்தம்னா எது அங்கிள்?

– அவளுக்குத் தெரியாதா? மச்சான், நீ சொல்லலியா?

– தொழில் ரகசியத்தை யாராவது வெளியில சொல்வாங்களா? இருபது வருஷமா வெளிநாட்டுக் கருவின்னு பேட்டி கொடுத்திருக்கேன். நீயே சொல்லு.

– ஒண்ணுமில்லம்மா. நாங்க ஆரம்பிச்சப்போ கையில ஒரே ஒரு டிரம் மெஷின், எவனோ அடிச்சு ஓய்ஞ்சு வித்தது. எல்லாப் பொத்தானும் வேலை செய்யும். அந்தப் பித்தளைத் தட்டு சத்தம் வரணும் பாரு, அந்தப் பொத்தான் மட்டும் செத்துப் போச்சு. அது இல்லாம ராப்பு நடக்காது, நொண்டும். அதனால நான் மைக்கைப் பல்லுக்கு நேரா வெச்சுக்கிட்டு வாயாலயே போட்டேன். ட்ஸ், ட்ஸ், ட்ஸ்ஸ், ட்ஸ்.

– வாயாலயா!

– ஒரு பாட்டு, ரெண்டு பாட்டு இல்ல, லேபிள்ல வந்த அத்தனை பாட்டுக்கும். வேற மெஷின் வாங்க வசதி வந்த பிறகும் இவன் விடல. என் முன்பல்லுல ஒரு சந்து இருக்கு பாரு, அதுலதான் அந்தச் சத்தம் பிறக்குதுன்னு கண்டுபிடிச்சுட்டான். பல் டாக்டர்கிட்டயே போக விடமாட்டான். எனக்குப் பல்வலி வந்தா இவன்தான் சுவாமி படத்து முன்னாடி நிப்பான்.

– சும்மாவா? ஒரு விமர்சகர் 'உலோகத்தின் மூச்சு'ன்னு எழுதினார் அதை.

– அதைப் பதிவு பண்ணின அன்னிக்குக் காலையில பச்சை வெங்காயம் தின்னிருந்தேன். அந்த மூச்சு அவருக்குத் தெரியாது.

– ஐயோ அங்கிள்! அதை நான் பழைய டேப்போட இரைச்சல்னு நெனச்சு முதல் நாளே மொத்தமா துடைச்சு எடுத்துட்டேன். சார் வந்து ஆடினார் பாருங்க!

– ஆடாம? என் மாப்ளையைத் துடைச்சு எடுத்தவ நீ! அன்னிக்கே உன்னைப் பறவை பிடிக்க அனுப்பியிருக்கணும்.

– திருப்பி வெச்சுட்டேனே சார். அங்கிள், எல்லாம் சரி. நீங்க சாருக்கு ஏதோ மெஷின் கதை சொல்ல வந்தீங்களே? பெல்ட்டு? கிறீச்சு?

– நான் ஒண்ணும் சொல்லலியே.

– அங்கிள்! வெளியில சொன்னீங்களே! கூர்மை ஜாஸ்தியா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க!

– எல்லாம் அளவா இருக்கும்மா. கை வைக்காதே.

– கை வைக்காதேன்னா...! சரி. சரி அங்கிள். உங்க போன்.

– என்ன போன்?

– அடிக்குது அங்கிள். ரொம்ப நேரமா. உங்க சட்டைப் பையில.

– ஓ. ஆமா. உன் தங்கச்சிதான் மச்சான். வெளியில போய்ப் பேசிட்டு வந்துடறேன்.

*

– என்ன என்ஜினீயர், பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?

– சார், எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அங்கிளுக்கு அந்தப் போன் மணி...

– கேக்கல. தெரியும்.

– தெரியுமா!

– போன் மணி, குக்கர் விசில், வாசல்ல அடிக்கிற பெல், எதுவும் கேக்காது. பேச்சு கேக்கும், அதுவும் மூஞ்சியைப் பார்த்துப் பேசினா, இல்ல போன்ல கத்திப் பேசினா. ஒரு பக்கம் மேடை ஸ்பீக்கர், ஒரு பக்கம் லாண்டரி மெஷின், நடுவுல வாழ்க்கை பூரா நின்னவன். அவன் வீட்டுலயும் கடையிலயும் எல்லாரும் கத்தித்தான் பேசுவாங்க, அதனால யாருக்கும் சந்தேகம் வரல. அவனுக்கே தெரியாது.

– அப்ப நீங்க? உங்களுக்கு?

– இரு, எடுத்துக் காட்டறேன். இது வலது. இது இடது.

– பஞ்சு!

– உன் அசிஸ்டென்ட் மேஜையிலேருந்துதான் தினமும் திருடறேன். இதையும் தாண்டி மண்டைக்குள்ள குத்துதும்மா. நேத்து வீட்டுக்குப் போயும் பிரிட்ஜு கூட என்கிட்ட 'ட்ஸ்' போடுது.

– சார், சத்தியமா எனக்குத் தலை சுத்துது. கேக்குதுன்னா எதுக்கு ஏத்து ஏத்துன்னு என் உயிரை எடுத்தீங்க?

– ட்ரெய்லர் வந்த அன்னிக்கு எங்க வீட்டுல எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். பார்த்து முடிச்சுட்டு, 'நல்லா இருக்கு மச்சான், ரொம்ப சுத்தமா இருக்கு'ன்னான். சுத்தம்! அவன் லாண்டரிக்காரன், அவன் வாயில அதை விடப் பெரிய திட்டு கிடையாது. அப்புறம் ஆள் வரல. தங்கச்சி போன் பண்ணி அழறா: 'அண்ணா, அவரோட சத்தத்தை எடுத்துட்டியாமே, என்னை வெட்டிட்டான்னு புலம்பறாரு.' எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. போட்டுக் கேட்டேன், இருக்கு. அவளை வரவழைச்சு உட்கார வெச்சேன், அவளுக்கும் கேட்டுச்சு. அவங்க பிள்ளைங்களுக்குக் கேட்டுச்சு. அவனுக்கு மட்டும் கேக்கல.

– சொல்லியிருக்கலாமே சார், பக்குவமா.

– எதைன்னு சொல்றது? நான் ஊர் ஊரா போய் காது காதுன்னு பீத்திக்கிறேன். அந்தக் காது கேட்ட உருப்படியான சத்தம் அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் யார் வேணா பண்ணியிருப்பாங்க. அதைப் போட்டவன்கிட்டயே போய், 'மாப்ள, இனி உலகத்துல எல்லாருக்கும் அது கேக்கும், உனக்குக் கேக்காது'ன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? அதான் ஏத்தினேன். அவனுக்குக் கேக்கற வரைக்கும் ஏத்தலாம்னு. இன்னிக்குக் கேட்டுடுச்சு. பார்த்தே இல்ல, அவன் மூஞ்சியை?

– பார்த்தேன் சார். ஆனா படம் பார்க்க வர்ற மத்தவங்க?

– நான் ஏத்தச் சொல்றதுக்கு முன்னாடி நீ வெச்சிருந்த அளவு இருக்கே, அதான் சரியான மிக்ஸ். அது இருக்கா?

– அழிக்கச் சொன்னீங்க சார்.

– சொன்னேன். அழிச்சியா?

– இல்ல.

– அதான் என்ஜினீயர்! ஊருக்கெல்லாம் அதை அனுப்பு. முதல் ஷோவுக்கு மட்டும் இது. அன்னிக்கு அவன் குடும்பத்தோட வருவான், லேபிள்ல பாடின பசங்க எல்லாம் வருவாங்க. அவங்களோட உட்கார்ந்து அவன் சத்தத்தை அவன் கேக்கணும்.

– முதல் ஷோவுக்கு விமர்சகர்களும் வர்றாங்க சார். காது கிழிஞ்சு போவாங்க.

– வாசல்ல பஞ்சு கொடுப்போம். ஜூஸ் கொடுக்கிறாங்களே, அது மாதிரி ஒரு தட்டுல வெச்சு. 'ஒலி அனுபவம்'னு பக்கத்துல ஒரு அட்டை எழுதிட்டா கேள்வி கேக்காம வெச்சுப்பாங்க.

– வெச்சுக்கிட்டாலும் எழுதுவாங்க சார். 'சகாப்தத்தின் செவிக்குச் செவி போயிடுச்சு'ன்னுதான் தலைப்பே போடுவாங்க. நீங்க இத்தனை வருஷம் சேர்த்த பேர்.

– போடட்டும்.

– சார், நீங்க... நீங்கதானா பேசறது?

– நான்தான். பதிவு பண்ணிக்காதே. அவன்கிட்ட மூச்சு விடக் கூடாது, வாக்குக் கொடு.

– கொடுக்கறேன் சார்.

– வந்துட்டான் பாரு. என்ன மாப்ள, தங்கச்சி என்ன சொல்றா?

– இவ்வளவு நேரம் போனை எடுக்காம என்ன கிழிச்சீங்கன்னு கேட்டா. கீழ உன்னைத் தேடறாங்க. புதுப் போஸ்டர் வந்திருக்காம்.

– வந்துடுச்சா? என் காதை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திப் போடச் சொல்லியிருந்தேன். இருங்க, பார்த்துட்டு வந்துடறேன். பஞ்சாயத்து பண்ணாம உட்கார்ந்திருங்க.

*

– போயிட்டானா?

– போயிட்டார் அங்கிள்.

– அந்த முதல் ஷோ மிக்ஸ் பத்தி உன்கிட்ட ஒரு வார்த்தை.

– எந்த... முதல் ஷோ மிக்ஸ் அங்கிள்?

– திருதிருன்னு முழிக்காதேம்மா. ஊருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. வாசல்ல பஞ்சு.

– கதவு சாத்தியிருந்துச்சே! வெளியில ஒரு சத்தம் வராதே! எப்படிக் கேட்டுச்சு?

– கேக்கல. கதவுல கண்ணாடி வெச்சிருக்கீங்க, பார்த்தேன். லாண்டரில மெஷின் ஓடறப்போ எங்களுக்குப் பேச்சு, சண்டை, ஊர்வம்பு எல்லாம் வாயைப் பார்த்துத்தான். உன் முதுகுதான் இந்தப் பக்கம் இருந்துச்சு. அவன் வாய் நேரா தெரிஞ்சுது. சின்ன வாயா அது?

– மன்னிச்சிருங்க அங்கிள். உங்களை ஏமாத்தணும்னு...

– ஏமாத்தினது யாரு இங்க? நான்தான் முட்டாள். வெட்டிட்டான்னு வீட்டுல உட்கார்ந்து புலம்பினேன். நீ எனக்கு ஒரு உதவி பண்ணு. முதல் ஷோவுக்கும் அந்த நல்ல மிக்ஸையே அனுப்பிடு.

– வாக்குக் கொடுத்திருக்கேன் அங்கிள். சார் அங்க உட்கார்ந்து கேட்டாருன்னா கண்டுபிடிச்சிடுவார்.

– அவன் ரெண்டு காதுலயும் பஞ்சை அடைச்சுக்கிட்டு உட்காருவான். என்னத்தைக் கண்டுபிடிப்பான்? எழுதறவங்க முன்னாடி என் மச்சானுக்குச் செவிடுன்னு பேர் வரக் கூடாதும்மா. அவனுக்கு இருக்கிற ஒரே நகை அந்தக் காதுதான்.

– ஆனா அதுல உங்க சத்தம் உங்களுக்குக் கேக்காதே அங்கிள்! இன்னிக்குத்தான் கேட்டுச்சு. இருக்கு, கண்ணாடி மாதிரி இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? அதுக்குத்தானே அவர் இத்தனையும் பண்ணினார்!

– அந்தப் பையன் மைக்குல வாயை வெச்சான். நீ தோளைச் சுருக்கிக்கிட்டே. என் மச்சான் படத்தைப் பார்க்கல, பரீட்சை எழுதின பிள்ளை மாதிரி என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தான். நான் வேற என்ன சொல்லட்டும்? நல்லதையே போடும்மா. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.